கோழி, தாரா, தேனீ: தீனியிலும் இனத்திலும் நீங்கள் நேரில் கண்டது

கரடியனாறு வளவு:
பக்கத்து வளவு மாமியின் கோழிகள் பற்றித்தான். அடை வைத்தால் பாதிகூடப் பொரிக்காது. இடி இடித்தது, வெக்கை கூடிவிட்டது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். மாமியும் கூட்டுக்குள் இரும்புத்துண்டு, கரி எல்லாம் போட்டுத்தான் வைத்திருந்தார். 21 நாள் கடந்தும் அப்படியே கிடந்த முட்டைகளை ஒருமுறை என் முன்னாலேயே உடைத்தார். உள்ளே முழுக் குஞ்சுகள். தூவி, நகம் எல்லாம் வந்து, சொண்டு ஓட்டைத் தொட்டபடி செத்துக் கிடந்தன. கூழ்முட்டை என்றால் மனம் இவ்வளவு கனத்திருக்காது. அந்த வளவுக்கு வெளிச் சேவல் வந்து வருடக்கணக்காகிறது, தாயோடு மகன், தங்கையோடு அண்ணன் என்று எல்லாம் ஒரே இரத்தம். வாகரைப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து சேவல் கொண்டுவந்து கொடுத்தேன். பழைய சேவலை விலக்கிய பிறகும் மூன்று கிழமைக்கு முட்டையை அடைக்கு எடுக்க வேண்டாம் மாமி, அதன் விந்து பெட்டைக்குள் அவ்வளவு நாள் உயிரோடு கிடக்கும் என்றும் சொன்னேன். அடுத்த அடையில் கூடு நிறையக் குஞ்சு.

நிந்தவூர் லேயர்:
அண்ணன், சேவல் மேல் மட்டும் பழியைப் போடாதீர்கள். கடைசி நாட்களில் குஞ்சு சாவது தாய்க்கோழியின் தீனியாலும் வரும். குறுணலும் தவிடும் மட்டும் தின்கிற பெட்டையின் முட்டையில் விற்றமின் பி2 குறைந்தால் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். கீரையும் கொஞ்சம் மீன்தூளும் கொடுத்துப் பார்த்தார்களா?
நான் கண்டது வாப்பாவின் லேயர் கூட்டில். நன்றாக முட்டையிட்டுக்கொண்டிருந்த ஒரு பெட்டை காலையில் பக்கவாட்டில் விழுந்து கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு கிடந்தது. கொண்டை சிவப்பாகத்தான் இருந்தது, கண்ணும் தெளிவு, எழும்ப மட்டும் முடியவில்லை. தூக்கியபோது அடியில் கிடந்த முட்டை என் விரல் பட்டே நசுங்கியது, ஓடு கடதாசி போல. ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் கல்சியம் போகிறது, தீனியில் இல்லையென்றால் தன் எலும்பைக் கரைத்தாவது கோழி ஓடு கட்டும். அந்தப் பெட்டையைத் தரையில் தனியே விட்டு, வாவிக்கரை மட்டிச் சிப்பியைப் பருமனாக இடித்துப் பின்னேரத் தீனியோடு வைத்தோம். ஓடு இரவில்தான் கட்டும், பருமன் துண்டு இரைப்பையில் நின்று மெல்லக் கரையும், அதனால்தான் பின்னேரம். எழும்பி நடந்தது. மற்றக் கோழிகளுக்கும் அன்றிலிருந்து அதே ஏற்பாடுதான்.

பொத்துவில் தேன் பெட்டி:
கோழிக்காரர் நடுவே ஒரு தேனீக் கதை. மார்கழி மழை, வெளியில் பூ இல்லை, இருந்தாலும் ஈ பறக்க முடியாது. மாமனாரின் பெட்டியில் அதற்கு முன்புதான் தேன் எடுத்திருந்தார்கள். கடைசி வதை வரைக்கும் விடவில்லை. மழை கொஞ்சம் விட்ட ஒரு நாள் மாமா சீனிப்பாகுக் கிண்ணத்தோடு பெட்டியடிக்குப் போகிறார், நான் பின்னால். வாசலில் ஒரு பெரிய இரைச்சல், எங்கள் கண்முன்னே ஈ மொத்தமாகக் கிளம்பி தென்னை உயரத்துக்குப் போய்விட்டது. கிண்ணம் கையிலேயே இருக்கிறது. மூடியைத் திறந்தால் காய்ந்த வதை, ஒரு சொட்டுத் தேன் இல்லை, மூலையில் மெழுகுப் புழு. நம் நாட்டு ஈ பசி வந்தால் கூட்டை விட்டுவிடும், ஆள் வந்து தீனி வைக்கும் என்று காத்திருக்காது.

செங்கலடி:
என் பெட்டியும் ஒரு மாரியில் அப்படித்தான் காலியானது. இதைக் கட்டாயம் செய்யுங்கள். ஒரு பங்கு சீனி, ஒரு பங்கு தண்ணீர். பொழுது சாய்ந்த பிறகு, பெட்டிக்கு உள்ளே மட்டும் வையுங்கள், பகலில் வெளியே வைத்தால் பக்கத்துக் கூட்டு ஈ கொள்ளையடிக்க வந்து இரண்டு பக்கமும் சாகும். மிதக்க நாலு வைக்கோல் துண்டு போடாவிட்டால் பாகிலேயே மூழ்கும். பூக்காலத்தில் பாகு வைக்கவே வேண்டாம், வதைக்குள் சீனி போய்ச் சேரும், அதைத் தேன் என்று விற்பது பாவம். அப்புறம் இனம். இராணி 16 நாளில் வெளிவரும், பிறகு வானத்தில் பறந்தபடி பல ஆண் ஈக்களோடு சேரும், தகப்பனை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. ஆகவே தாயை ஒழுங்காகத் தேர்ந்தெடுங்கள். மாரியிலும் நிலைத்து நின்ற, கொட்டாத, தேன் நிறையச் சேர்த்த கூட்டில் புது இராணி வளரும் அறையை வெட்டி மற்றப் பெட்டிக்கு வையுங்கள். அந்த நல்ல கூட்டில் ஆண் ஈ வளரும் வதையை மட்டும் வெட்டாதீர்கள், சுற்றுவட்டாரத்து இராணிகளுக்கு அதுதான் தகப்பன் பக்கம். அடிக்கடி பறந்துபோகிற கூட்டிலிருந்து எதையும் பெருக்க வேண்டாம்.

கரடியனாறு வளவு:
நிந்தவூர் தம்பி, மாமியின் கோழிகள் பகல் முழுக்க வளவில் மேய்கின்றன, கீரை, புழு, பூச்சி எல்லாம் தின்கின்றன. தீனி மாறவில்லை, சேவல்தான் மாறியது. சிப்பி பற்றிச் சொன்னது சரி, மாமியிடமும் சொல்கிறேன்.

தம்பிலுவில்:
இரண்டு பேர் சொல்வதும் நடக்கும், எனக்கு உறுத்துவது வேறு. 2022இல் தீனி விலை ஏறியபோது அக்கா ஒரு கடையில் மலிவுச் சோளன் மூட்டை வாங்கினார். கொஞ்சம் நனைந்து காய்ந்த மூட்டை, லேசாகப் பூஞ்சணம். அரைத்து எல்லாவற்றுக்கும் வைத்தார். கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தாராக் குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கழுத்தைப் பின்பக்கம் முதுகோடு வளைத்து, காலை உதைத்து உதைத்துச் செத்தன. அக்கா ஒரு குஞ்சின் கழுத்தைக் கையால் நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், விட்டதும் மறுபடி பின்னால் போனது. மிருக வைத்தியர் மூட்டையை முகர்ந்த உடனேயே அஃப்ளாடாக்சின், பூஞ்சணம் விடுகிற நஞ்சு என்றார். அந்த நஞ்சைத் தாராக் குஞ்சு கொஞ்சமும் தாங்காது, கோழி ஓரளவு தாங்கும். மூட்டையை வெயிலில் காயவைத்தாலும் அவித்தாலும் நஞ்சு போகாது என்றும் சொன்னார். அக்கா திரும்பவும் தாரா வளர்க்கக் கேட்கிறார். சோளன் சேர்க்காமல் குஞ்சுக்கு என்ன கொடுக்கிறீர்கள்?