ரூட் கெனால்ல ஒடிஞ்ச ஃபைல் (வேர்க் குழாயைச் சுத்தம் பண்ற ஊசி மாதிரிக் கருவி) உள்ளேயே இருக்கு, டாக்டர் சொல்லவே இல்ல. என்ன செய்யலாம்?

செல்வி, திருச்சி:
போன வருஷம் அம்மாவுக்கு இடது கீழ்க் கடவாய்ப்பல்லுல ரூட் கெனால் பண்ணி கேப் போட்டோம். வலி விடவே இல்ல. கேட்டப்பல்லாம் "சர்க்கரை இருக்குல்லம்மா, ஆற நாளாகும்"னு மாத்திரை எழுதிக் குடுத்தாரு. அம்மாவும் தன் சர்க்கரையைத்தான் திட்டிக்கிட்டு இருந்தாங்க. இப்ப வேற டாக்டர்கிட்ட எக்ஸ்ரே எடுத்தா, முன்வேர் நுனிகிட்ட நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு, அடைச்ச மருந்தைவிடப் பளிச்சுனு. "ஃபைல் ஒடிஞ்சு உள்ள நிக்குது, சொன்னாங்களா?"ன்னு கேட்டாரு. பழைய டாக்டருக்குப் போன் போட்டா "அதெல்லாம் சகஜம்"ங்குறாரு. சகஜம்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாமே! பணம் போனதுகூடப் பரவாயில்ல, அம்மா உடம்பு மேல பழி போட்டதைத்தான் என்னால தாங்க முடியல.

பல் டாக்டர், கோவை:
ஃபைல் கைதேர்ந்தவங்ககிட்டயும் ஒடியும்மா. அந்தப் பல்லோட முன்வேர்க் குழாய்கள் குறுகி வளைஞ்சிருக்கும். நிக்கல் டைட்டானியம் ஃபைல் வளைவுல சுத்திச் சுத்தி நைஞ்சு, வெளியில ஒண்ணும் தெரியாமலே ஒடிஞ்சிடும். குழாயைச் சுத்தம் பண்ணி முடிக்கிற நேரத்துல ஒடிஞ்சிருந்தா, துண்டோட அடைச்சாலும் பல் வருஷக்கணக்கா நிக்கலாம். ஆரம்பத்துலயே ஒடிஞ்சிருந்தா அதுக்குக் கீழ கிருமி தங்கிடும். அப்படிக் கிருமி தங்கினதுக்கு அடையாளமா வேர்நுனியில கறுப்பு நிழல் இருக்கான்னு சிபிசிடி ஸ்கேன்ல, அதாவது பல்லை முப்பரிமாணமாக் காட்டுற எக்ஸ்ரேல பாருங்க. மைக்ரோஸ்கோப் வச்சுத் துண்டை எடுக்கலாம், ஆனா வேரைச் சுரண்டணும், பல் பலவீனமாகும். அதைக் கேட்டுக்கிட்டு முடிவெடுங்க. ஒடிஞ்ச அன்னைக்கே உங்ககிட்ட சொல்லி, கேஸ் ஷீட்ல எழுதியிருக்கணும். அதுல ரெண்டாவது பேச்சே கிடையாது.

வக்கீல், மதுரை:
ஒடிஞ்சதுக்கு மட்டும் கேஸ் போட்டா நிக்கிறது கஷ்டம். மறைச்சதையும், அதனால சிகிச்சை தள்ளிப்போனதையும் முன்னால வைங்க. காசு வாங்கிப் பார்க்குற டாக்டர் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வருவார்னு 1995லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. 2 வருஷத்துக்குள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு போடணும். நீங்க கட்டின தொகை 5 லட்சத்துக்குள்ளதான் இருக்கும், அதனால மனுவுக்குக் கட்டணம் இல்ல. முதல்ல கேஸ் ஷீட், எக்ஸ்ரே நகல் கேட்டுப் பதிவுத் தபால் அனுப்புங்க. பல்லைத் தொடுறதுக்கு முன்னாடி புது டாக்டர்கிட்ட அபிப்பிராயத்தை எழுத்துல வாங்கிடுங்க. பிடுங்கிட்டா ஆதாரமும் போயிடும்.

செல்வி:
ரொம்ப நன்றிங்க. நாளைக்கே தபால் அனுப்புறேன். டாக்டர், ஸ்கேனுக்குக் கேப்பைக் கழட்டணுமா?

பல் டாக்டர், கோவை:
வேண்டாம்மா. மெட்டல் கேப்னா படத்துல கொஞ்சம் கோடு விழும், ஆனா வேர்நுனி பெரும்பாலும் தெரியும்.