தேடினால் ஏஐ படங்களே வருகின்றன, எப்படிக் குறைப்பது?

மரச்சிற்பி:
மரப்பொம்மை செய்து இணையத்தில் விற்கிறேன். புது வடிவங்களுக்காகப் பின்டரெஸ்டில் தேடினால் பெரும்பாலும் ஏஐ படங்கள்தான். மரத்தின் இழை நடுவிலேயே திசை மாறுகிறது, சக்கரத்துக்கு அச்சே இல்லை. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் இதைப் பார்த்து ஏமாறுவார்களே என்று வருத்தமாக இருக்கிறது. குறைக்க வழி உண்டா? அப்புறம், விளம்பரப் படத்தில் பின்னணியை மட்டும் ஏஐ கொண்டு மாற்றலாமா?

தூரிகை:
பின்டரெஸ்ட் அமைப்புகளில் பரிந்துரைகளைத் திருத்தும் பகுதிக்குப் போங்கள். கலை, வீட்டு அலங்காரம் போன்ற வகைகளில் ஏஐ படங்களைக் குறைக்கும் வசதியை 2025 அக்டோபரில் சேர்த்தார்கள். குறையும், முழுதாகப் போகாது.

ஒளிப்பெட்டி:
'ஏஐ படம்' என்ற முத்திரை இல்லாத படமெல்லாம் அசல் என்று நம்ப வேண்டாம். சி2பிஏ என்ற பொதுத் தர முறையில் படம் உருவான விவரம் கோப்புக்குள்ளேயே இருக்கும்; ஆனால் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதும், அது போய்விடும். கூகுளின் சிந்த்ஐடி வேறு மாதிரி, ஏஐ படம் என்ற குறியைப் படத்தின் புள்ளிகளிலேயே (பிக்சல்) கலக்கிறது.

பின்னணியை மாற்றினால் அதைக் குறிப்பில் எழுதிவிடுங்கள். எவ்வளவு மாற்றினீர்கள் என்று முத்திரை மட்டும் சொல்லாது; சிறு திருத்தங்களுக்கும் ஏஐ முத்திரை விழுகிறது என்று புகைப்படக்காரர்கள் முறையிட்டதால்தான் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா 2024இல் அந்த முத்திரையின் வாசகத்தை மாற்றியது. பொம்மையை மட்டும் தொடாதீர்கள். நிறமோ அளவோ மாறித் தெரிந்தால் வாங்கியவர் திருப்பி அனுப்புவார், அது நியாயமும்கூட.

மரச்சிற்பி:
சரி, பொம்மையைக் கையில் பிடித்தபடி ஒரு படமும் சேர்க்கிறேன். அளவும் தெரியும்.