ஒரு துறையின் இரைச்சல், இன்னொரு துறையின் தரவு

இயற்பியல் ஆய்வாளர்:

பொருளோடு மிக அரிதாகவே மோதும் நுண்துகளான நியூட்ரினோ பற்றிய ஆய்வில் பயிற்சி பெற்ற காலத்தில் எனக்கு முதலில் தரப்பட்ட வேலை நியூட்ரினோவைத் தேடுவதன்று. நியூட்ரினோவால் வராத வெளிச்சத்தைக் கணக்கிட்டுக் கழிப்பது. பிரான்சின் தூலோன் நகருக்கு அப்பால், மத்தியதரைக் கடலில் ஏறத்தாழ 2,475 மீட்டர் ஆழத்தில் 2008இல் முழுமை பெற்ற அன்டாரெஸ் தொலைநோக்கியின் தரவைத்தான் எங்களுக்குப் பாடமாகக் கொடுத்தார்கள். கடல்தரையிலிருந்து எழும் 12 வடங்களில் பொருத்தப்பட்ட ஒளிபெருக்கிக் குழாய்கள், நியூட்ரினோ மோதலில் பிறக்கும் மியூவான் என்ற துகள் நீரில் விரைந்து செல்கையில் உண்டாக்கும் மங்கிய நீல வெளிச்சமான செரன்கோவ் ஒளிக்காகக் காத்திருந்தன. அவற்றில் விழுந்த ஒளியில் பெரும்பகுதியோ கடலுப்பிலுள்ள கதிரியக்கப் பொட்டாசியம்-40 சிதைவதாலும் ஆழ்கடல் உயிரிகள் ஒளிர்வதாலும் வந்தது.

ஒரு கூட்டத்தில் கடல் உயிரியலாளர் ஒருவர் எழுந்து, நியூட்ரினோக்கள் தமக்கு வேண்டாம், கழித்த எண்ணிக்கைகள் மட்டும் போதும் என்றபோது அரங்கில் சிலர் சிரித்தார்கள். கப்பலில் சென்று சில நாள்கள் அளந்து திரும்புபவருக்கு, ஆண்டு முழுவதும் ஆழத்தில் இருந்துகொண்டே ஒளியை எண்ணும் கருவி எளிதில் வாய்ப்பதில்லை. 2009, 2010 ஆகிய இரு ஆண்டுகளிலும் வசந்தத்தை ஒட்டி அங்கு உயிரொளி வெகுவாகப் பெருகியதை, அதற்கு முந்தைய குளிர்காலத்தில் லியோன் வளைகுடாவின் மேற்பரப்பு நீர் குளிர்ந்து கனத்து ஆழத்துக்கு இறங்கியதோடு இணைத்து விளக்கிய ஆய்வு 2013இல் வெளிவந்தது. நீங்கள் கழித்ததைக் கேட்டு யாரேனும் உங்களிடம் வந்ததுண்டா?

ஆன்டெனா பொறியாளர்:

எங்களிடம் வந்தவர்கள் நீரியல் ஆய்வாளர்கள். துல்லிய அளவீட்டுக்கான ஜிபிஎஸ் ஆன்டெனாக்களில், செயற்கைக்கோளிலிருந்து நேரே வரும் அலையோடு தரையில் பட்டுத் தெறித்து வரும் அலையும் கலந்துவிடுகிறது. ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள அந்தத் தெறிப்பை அடக்குவதற்காகவே, ஆன்டெனாவைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக வட்டப் பள்ளங்கள் வெட்டிய தடித்த உலோகத் தட்டை வைக்கிறோம். என் பணிக்காலத்தின் கணிசமான பகுதி அந்தப் பள்ளங்களின் ஆழத்தைச் சீர்செய்வதில்தான் கழிந்தது.

எவ்வளவு அடக்கினாலும், செயற்கைக்கோள் அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது தெறிப்பு சிறிது உள்ளே வந்தே தீரும். இரு அலைகளும் சேர்ந்தும் முரண்பட்டும் வருவதால் சிக்னலின் வலிமை ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு விரைவாக நிகழ்கிறது என்பது, தெறிக்கும் பரப்பிலிருந்து ஆன்டெனா எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பனி பெய்து தேங்கினால் உயரம் குறையும். குறைந்த அளவே பனியின் ஆழம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டின் லார்சனும் உடன் ஆய்வாளர்களும் இந்தத் தெறிப்பிலிருந்து 2008இல் மண்ணின் ஈரத்தையும் 2009இல் பனியின் ஆழத்தையும் அளந்து காட்டினார்கள். அதைப் படித்துவிட்டு வந்தவர்கள், தட்டில்லாத மலிவான ஆன்டெனா ஒன்று கிடைக்குமா என்று என்னிடமே கேட்டார்கள்!

கணினி அறிவியலாளர்:

எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள் என்ற முடிவுக்கு இந்த உரையாடல் போய்விடும் என்று அஞ்சுகிறேன். செர்ன் ஆய்வகத்தின் துகள் முடுக்கியான பெரிய ஹாட்ரான் மோதுவியில் நொடிக்கு ஏறத்தாழ 4 கோடி முறை புரோட்டான் கற்றைகள் ஒன்றையொன்று கடக்கின்றன. அட்லாஸ் போன்ற உணர்கருவி அவற்றில் 1,000 அளவிலான நிகழ்வுகளையே நிரந்தரமாகப் பதிகிறது. மற்றவை நொடிப்பொழுதில் எறியப்படாவிட்டால் அந்த ஆய்வே நடக்காது. என்னிடம் வருபவர்களிடம் நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: எதை எறிந்தீர்கள் என்பதைத் தீர்மானித்த நிரலை, அதன் பதிப்பெண்ணோடு, தரவின் பக்கத்திலேயே வையுங்கள்.

நிலவியலாளர்:

எறியாமல் வைத்ததால் பிழைத்த தரவு ஒன்றைச் சொல்கிறேன். சேமிப்பு விலை கூடுதலாக இருந்த காலத்தில், அதிர்வு ஒரு வரம்பைத் தாண்டினால் மட்டுமே பதியும்படி நில அதிர்வுமானிகளை அமைப்பது வழக்கமாக இருந்தது. இன்று கடல்தரையில் வைக்கும் கருவிகள் தொடர்ச்சியாகப் பதிகின்றன. நான் அத்தகைய பதிவுகளில் சிறு நடுக்கங்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, 20 ஹெர்ட்சை ஒட்டி, ஒரு வினாடி நீளமுள்ள துடிப்புகள் வரிசையாக வந்து எரிச்சலூட்டின. அவை துடுப்புத் திமிங்கிலங்களின் அழைப்புகள் என்று அருகிலிருந்த மூத்தவர் சொன்னார். சொல்லிவிட்டு, வடிகட்டி ஒன்றையும் கொடுத்தார்.

ஒரேகான் கரைக்கு அப்பால், பிளாங்கோ பிளவுப் பகுதியில் வைக்கப்பட்ட கருவிகளில் பதிந்த இதே அழைப்புகளை இருவர் வேறு விதமாகப் பார்த்தார்கள். நீரில் வரும் ஒலியில் ஒரு பகுதி கடல்தரைக்குள் நில அதிர்வலையாகப் புகுந்து, படிவுக்கும் எரிமலைப் பாறைக்கும் இடையிலான எல்லைகளில் திரும்பி, சற்றுப் பின்தங்கிக் கருவியை அடைகிறது. அந்தத் தாமதத்திலிருந்து மேலோட்டு அடுக்குகளின் தடிமனைக் கணக்கிட்டு 2021இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். ஏர்கன் என்ற கருவியால் கடலில் ஒலி எழுப்பிச் செய்யும் வழக்கமான ஆய்வின் நுணுக்கம் இதில் வராது. ஆனால் அந்த வரம்பு முறையிலான பதிவாக இருந்திருந்தால் இதுவும் கிடைத்திருக்காது.

கடல் உயிரியலாளர்:

ஏர்கன் என்றதும் எங்கள் தரப்பையும் சொல்லியாக வேண்டும். அழுத்தக் காற்றை வெடிக்கவிட்டு நீங்கள் உண்டாக்கும் ஒலி உங்களுக்குச் சிக்னல். திமிங்கிலம் பேசும் அதே தாழ்ந்த அதிர்வெண்களில் விழுவதால் அதற்கு அது இரைச்சல். மத்தியதரைக் கடலில் துடுப்புத் திமிங்கிலங்கள் ஏர்கன் ஆய்வு நடந்த பகுதியை விட்டு விலகியதையும், ஆய்வு முடிந்த பின்னும் சில காலம் திரும்பாததையும் 2012இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே அந்த 2021 கட்டுரையை நான் நில அமைப்புக்காகப் படிக்கவில்லை; சில இடங்களிலாவது ஏர்கன் இல்லாமல் வேலை நடக்குமா என்று பார்ப்பதற்காகவே படித்தேன்.

நிலவியலாளர்:

நியாயமான எதிர்வாதம். ஆன்டெனா பொறியாளருக்கு ஒரு கேள்வி: கடலோர ஜிபிஎஸ் நிலையங்களின் பழைய பதிவுகளிலிருந்து ஓதத்தின் உயரத்தை இப்போது எடுக்க இயலுமா?

ஆன்டெனா பொறியாளர்:

கோப்பில் சிக்னல் வலிமைக்கான நெடுவரிசை இருந்தால் இயலும். பழைய கோப்புகள் பலவற்றில், தேவையற்றது என்று அதை விட்டுவிட்டார்கள். அதோடு, அடிவானத்திலிருந்து 5 முதல் 25 பாகை வரை உள்ள செயற்கைக்கோள்களின் பதிவுகள் நீக்கப்படாமல் இருக்கவேண்டும். தெறிப்பு தெளிவாகத் தெரிவது அங்கேதான். இவ்விரண்டையும் முதலில் பார்த்துவிட்டு எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.