தம்பி ஹேவ்லாக்கில் டைவிங் வேலைக்குப் போகிறான்: கடலுக்கு அடியில் இருக்கும்போது நிலநடுக்கம் வந்தால் என்ன செய்வது?

கொட்டில்பாடு அக்கா:

வணக்கம். நாங்கள் குளச்சல் பக்கம் கொட்டில்பாடு. என் தம்பிக்கு 25 வயது, சிப்பி எடுக்கிறவன். கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பை கட்டி, மூச்சடக்கி முங்கிப் பாறையிலிருந்து சிப்பியைப் பெயர்த்து எடுத்து வருவான். இப்போது அந்தமானில் ஹேவ்லாக் தீவில் ஒரு டைவிங் கடையில் வேலை கிடைத்திருக்கிறது. பயிற்சியும் அவர்களே தருகிறார்களாம். அடுத்த மாதம் கப்பல்.

அம்மா ஒரே பிடியாக வேண்டாம் என்கிறார். காரணம் 2004 டிசம்பர் 26. சுமத்ரா பக்கம் பூமி குலுங்கியது நம் நேரப்படி காலை 6.29 மணிக்கு. எங்கள் ஊருக்குத் தண்ணீர் வந்தது பத்து மணிக்கு முன்பின். இடையில் மூன்று மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. எனக்கு 14 வயது, தம்பிக்கு 4. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். எங்கள் ஊரில் கடலுக்கு முதுகு காட்டி ஓடினால் ஏவிஎம் கால்வாயில்தான் போய் முட்டும். அதில் மாட்டிப் போனவர்கள் நிறையப் பேர். நான் ஒரு கையால் கரையில் நின்ற தென்னையைக் கட்டிப் பிடித்திருந்தேன், மறு கையில் அவன் சட்டைக் காலர். காலர் பாதி கிழிந்த நேரத்தில் யாரோ ஒரு அண்ணன் அவனை மேலே தூக்கிவிட்டார். அந்தச் சட்டையை அம்மா இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார்.

அந்தமானில் நிலநடுக்கம் அடிக்கடி வரும் என்கிறார்கள். கடலுக்கு அடியில் இருப்பவனுக்கு அது தெரியுமா? மேலே வர வேண்டுமா, அங்கேயே இருக்க வேண்டுமா? எவ்வளவு நேரம் கிடைக்கும்? அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள். பதிலை அம்மாவுக்கு அப்படியே வாசித்துக் காட்டப் போகிறேன்.

கோடிமுனை டைவர்:

அக்கா, நான் கோடிமுனைக்காரன், ஹேவ்லாக்கில் எட்டு வருடமாக டைவிங் சொல்லிக் கொடுக்கிறேன். நானும் சிப்பி எடுத்துத்தான் கடல் பழகினேன். அதனால் முதலில் தம்பியைப் பற்றிச் சொல்கிறேன்.

கடலுக்கு அடியில் நடுக்கம் தெரியும். ஒருமுறை நான் 18 மீட்டர் ஆழத்தில் இருந்தேன். பெரிய கப்பல் தலைக்கு மேல் போவது போல ஒரு உறுமல். காதைவிட நெஞ்செலும்பில்தான் அதிகம் கேட்டது. மணல் தரை முழுக்க ஒரு சாண் உயரத்துக்குப் புகை மாதிரி எழும்பி நின்றது. பவளத்துக்கு வெளியே நின்ற குட்டி மீன்கள் எல்லாம் ஒரே நொடியில் உள்ளே போய்விட்டன. என்னோடு வந்த விருந்தாளி ஏதோ படகு என்று நினைத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிப்பி எடுக்கிறவன் பயந்தால் என்ன செய்வான்? மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே உதையில் மேலே வருவான். நமக்குச் சின்ன வயதிலிருந்து உடம்பு பழகியது அதுதான். சிலிண்டர் மாட்டிக்கொண்டு அதைச் செய்தால் ஆள் போய்விடுவான். நாம் கரையில் இழுத்த மூச்சு கீழே போகும்போது சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்குத்தான் திரும்பும். சிலிண்டரில் கீழே வைத்து இழுத்த காற்று அப்படி இல்லை. பத்து மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்தது மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் தாங்காது. பூமியே ஆடினாலும் மூச்சை விட்டுக்கொண்டே, நிமிடத்துக்கு ஒன்பது மீட்டர் கணக்கில்தான் ஏற வேண்டும். எனக்கு இந்தப் பழக்கம் மாற நான்கு மாதம் ஆனது. தம்பியிடம் இதை நீங்களே சொல்லுங்கள். அக்கா சொன்னால் மறக்க மாட்டான்.

அப்புறம், நடுக்கம் தெரிந்ததும் டைவை முடித்துவிட வேண்டும். பாறையிடுக்கு, குகை எதிலும் ஒதுங்கக் கூடாது. அலை வருகிறது என்றால் நீரோட்டம் திசை மாறி மாறி இழுக்கும், பாறையில் அடித்துவிடும். கூட்டமாக மேலே வந்து, படகில் ஏறி, தலை எண்ணிவிட்டு, கரைக்குப் போகாமல் ஆழத்துக்குப் போக வேண்டும். நம் கணக்கில் ஐம்பது பாகத்துக்கு மேல், அதாவது சுமார் தொண்ணூறு மீட்டர் ஆழம். அங்கே சுனாமி படகுக்கு அடியில் சும்மா ஏறி இறங்கிப் போய்விடும். படகுத்துறையில்தான் அது படகை உடைக்கும். ஒரு அலையோடும் முடியாது, பல மணி நேரம் வந்துகொண்டிருக்கும். அதனால் படகில் குடிதண்ணீரும் டீசலும் அரை நாளுக்காவது இருக்க வேண்டும். சேரும் கடையில் இதையெல்லாம் தம்பி முதல் நாளே கேட்கட்டும். கேட்டால் முகம் சுளிக்கிற கடை வேண்டாம்.

கரையில் இருக்கும்போது வந்தால் போனைப் பார்க்கவே வேண்டாம். ஹைதராபாத்தில் இருக்கும் சுனாமி எச்சரிக்கை மையம் பத்து நிமிடத்துக்குள் முதல் அறிவிப்பு கொடுத்துவிடும், ஆனால் நடுக்கம் பக்கத்தில் என்றால் அந்தப் பத்து நிமிடம்தான் நம் கையில் இருப்பதே. ஆடி நின்றதும் மேட்டுக்கு ஓட வேண்டியதுதான். ஹேவ்லாக்கின் நடுவில் காட்டு மேடு இருக்கிறது, அது நல்ல விஷயம்.

பழைய கார் நிக்கோபார்:

தங்கச்சி, எனக்கு ஊர் தக்கலை. 2004-இல் கார் நிக்கோபாரில் கொத்தனார் வேலை. அன்று காலை எழுந்து நிற்கவே முடியவில்லை, தவழ்ந்துதான் வெளியே வந்தேன். தென்னைகள் ஒன்றோடு ஒன்று அடித்துக்கொண்டன. கால் மணி நேரம்கூட ஆகவில்லை, தண்ணீர் வந்துவிட்டது. உங்களுக்கு மூன்று மணி நேரம் இருந்தும் சொல்ல ஆள் இல்லை. எங்களுக்குப் பூமியே சொன்னது, ஆனால் அது என்ன சொல்கிறது என்று என்னைப் போல வெளியூர்க்காரர்களுக்குத் தெரியவில்லை. லிட்டில் அந்தமானில் ஓங்கி என்ற பழங்குடி மக்கள் கடல் பின்வாங்கியதைப் பார்த்ததும் உள்ளே மேட்டுக்குப் போய்த் தப்பித்தார்கள் என்று பிறகுதான் அறிந்தேன். ஒன்று சொல்லிவிடுங்கள், கடல் எல்லா நேரமும் பின்வாங்கிக் காட்டாது. அதற்காகக் காத்து நிற்கக் கூடாது.

நான் வீட்டுக்குப் பேசியது எட்டாம் நாள். அதற்குள் வீட்டில் என் படத்துக்கு மாலை போட்டுவிட்டார்கள். அதனால் தம்பியிடம் ஒரு ஏற்பாடு வையுங்கள். கடற்கரையில் இல்லாத சொந்தக்காரர் ஒருவர் எண்ணை இரண்டு பக்கமும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். யாருக்கு லைன் கிடைத்தாலும் அவரிடம் சொல்ல வேண்டும். படுக்கைக்குப் பக்கத்தில் செருப்பும் டார்ச்சும் இருக்கட்டும். நான் வெறுங்காலோடு ஓடி, உள்ளங்காலில் வாங்கிய ஓட்டுச் சில்லு காயம்தான் மூன்று மாதம் படுக்க வைத்தது.

முட்டம் விசைப்படகு:

2012 ஏப்ரல் 11-ஆம் தேதியும் சுமத்ரா பக்கம் 8.6 அளவில் வந்தது. எச்சரிக்கை வந்து நாங்கள் எல்லோரும் மேட்டுக்குப் போனோம். கடலுக்கு அடியில் பூமித் தட்டு பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழும்பவில்லை. சும்மா ஓட வைத்தார்கள் என்று சிலர் கோபப்பட்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, அடுத்த முறையும் ஓடுவேன். கடலோரக் காவல்படை எண் 1554, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, படகில் விஎச்எப் வயர்லெஸ்ஸில் 16-ஆவது சேனல். தம்பிக்குச் சொல்லுங்கள்.

கொட்டில்பாடு அக்கா:

அண்ணன்மார் எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்கு இரண்டு முறை வாசித்தேன். மூச்சை விட்டுக்கொண்டே ஏற வேண்டும் என்ற இடத்தில் தம்பியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து மூன்றாம் முறை வாசிக்கச் சொன்னார். மார்த்தாண்டத்தில் இருக்கும் சித்தி எண்ணை இருவரும் மனப்பாடம் செய்துவிட்டார்கள். போகலாம் என்று வாயால் இன்னும் சொல்லவில்லை, ஆனால் நேற்று டார்ச்சுக்கு பேட்டரி வாங்கி வரச் சொன்னார்.

நேற்று சாயங்காலம் நானும் அம்மாவும் எங்கள் வீட்டு வாசலிலிருந்து கால்வாய்ப் பாலம் தாண்டி மேட்டு ரோடு வரை நடந்து பார்த்தோம். அம்மாவின் முட்டு வலியோடு ஒன்பது நிமிடம். இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் பக்கத்து வீட்டு ஆச்சியையும் கூட்டிக்கொண்டு நடக்கப் போகிறோம்.