உடல் கிடைக்காமல் போன அமெரிக்க அரசியல் தலைவர்கள்: நேரில் கண்டதும் கேட்டதும்

பனியாறு எழுதியது:

அலாஸ்கா போனவர்களில் பலர் போர்ட்டேஜ் ஏரிக்கரையில் உள்ள பெகிச், பாக்ஸ் பார்வையாளர் மையத்தைப் பார்த்திருப்பீர்கள் என்பதால் வழி, கட்டணம் போன்றவற்றை விட்டுவிடுகிறேன். 1972 அக்டோபர் 16 அன்று ஆங்கரேஜிலிருந்து ஜூனோவுக்குப் புறப்பட்ட செஸ்னா 310 விமானத்தில் பிரதிநிதிகள் சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் ஹேல் பாக்ஸ், அலாஸ்காவின் ஒரே பிரதிநிதி நிக் பெகிச், அவருடைய உதவியாளர், விமானி ஆகிய நால்வர் இருந்தார்கள் என்பதும், 39 நாள் தேடியும் ஒரு துண்டு உலோகம்கூடக் கிடைக்கவில்லை என்பதும் இங்கே வருகிற எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

என்னை உறுத்திக்கொண்டிருப்பது வாசலில் நடந்த ஒன்று. பெயர்ப்பலகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த குடும்பத்தில் ஒரு சிறுவன், பெகிச் யார், பாக்ஸ் யார் என்று தன் தந்தையைக் கேட்டான். அவர் சற்றும் தயங்காமல், "இங்கே இருக்கிற மலைகளின் பெயர்" என்றார். மையத்துக்கு வடக்கே சுமார் 4 மைல் தொலைவில் பாக்ஸ் பெயரில் ஒரு சிகரம் உண்மையாகவே இருக்கிறது. அதனால் அவர் சொன்னதை முழுப் பொய் என்று தள்ளவும் எனக்கு வாய் வரவில்லை. பையன் அந்தப் பதிலில் நிறைவடைந்து உள்ளே ஓடிவிட்டான். 1986-இல் மையத்தைத் திறந்தபோது அதன் கண்ணாடிச் சன்னல்கள் வழியாகவே தெரிந்த பனியாறு இப்போது பின்வாங்கி மலைக்குப் பின்னால் மறைந்துவிட்டது. படகில் போனால்தான் பார்க்கலாம். எதைப் பார்க்கக் கட்டினார்களோ அது கண்ணுக்குத் தெரியவில்லை, யார் பெயரை வைத்தார்களோ அவர்களும் கிடைக்கவில்லை. மனிதர்களின் பெயர் ஐம்பது ஆண்டுகளுக்குள் மலையின் பெயராக மாறிவிட்டதை நேரில் கேட்டபோது எனக்கு நெஞ்சு கனத்தது. உங்களுக்கும் இப்படி ஏதாவது நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

சுரங்கவழி எழுதியது:

மறந்துவிட்டார்கள் என்று நீங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. அந்த மையத்தைத் தாண்டி, ரயிலும் காரும் முறைவைத்துப் போகிற இரண்டரை மைல் சுரங்கத்துக்குள் நுழைந்து விட்டியர் ஊருக்குப் போயிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பீர்கள். 1950-களில் ராணுவம் கட்டிய 14 மாடிக் கட்டடம் ஒன்றில்தான் அந்த ஊரில் பெரும்பாலோர் வசிக்கிறார்கள். அதன் பெயரே பெகிச் டவர்ஸ். அஞ்சலகம், மளிகைக் கடை எல்லாம் அதற்குள்ளேயே இருப்பதால் அங்கே அந்தப் பெயர் அன்றாடம் எல்லோர் வாயிலும் புழங்குகிறது.

மழைக்காக அதன் கீழ்த்தளத்தில் ஒதுங்கி நின்றபோது, கையில் தபால் கட்டோடு வந்த ஒரு மூதாட்டி பேச்சுக் கொடுத்தார். 1972-இல் ஆங்கரேஜில் இருந்தாராம்; அந்த நவம்பர் 7 அன்று பெகிச்சுக்குத்தான் வாக்களித்தாராம். காணாமல் போய் மூன்று வாரம் ஆனவருக்கு எப்படி அம்மா வாக்களித்தீர்கள் என்று கேட்டேன். அவர் தபால்களை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, "அன்றைக்கும் விமானங்கள் தேடிக்கொண்டுதானே இருந்தன? தேடிக்கொண்டிருக்கும்போதே ஒருவரைச் செத்தவராக எண்ணி இன்னொருவருக்குப் போட எனக்கு மனம் வரவில்லை" என்றார். சொல்லிவிட்டு மின்தூக்கிக்குள் போய்விட்டார். அவர் எந்த மாடியில் இறங்கினார் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சொல் என்னை விடவில்லை.

அவரைப் போல எண்ணியவர்கள்தாம் அன்று பெரும்பான்மை. பெகிச் சுமார் 56 விழுக்காடு வாக்கு பெற்று வென்றார். லூயிசியானாவில் பாக்ஸும் வென்றார். தேடுதல் நவம்பர் 24-இல் நிறுத்தப்பட்டது. டிசம்பர் 29-இல் பெகிச் இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவித்தார்கள். பாக்ஸின் இடம் காலியானதாகப் பிரதிநிதிகள் சபை ஜனவரி 3-இல் தீர்மானித்தது. பெகிச்சிடம் தோற்ற டான் யங் 1973 மார்ச்சில் நடந்த சிறப்புத் தேர்தலில் வென்று, 2022 மார்ச்சில் இறக்கும்வரை அந்த இடத்தை விடவேயில்லை. கிடைக்காமல் போன ஒரு மனிதரின் நாற்காலியில் இன்னொருவர் 49 ஆண்டுகள் இருந்தார். 2024 நவம்பரில் அதே இடத்துக்கு, அதே நிக் பெகிச் என்ற பெயரோடு, பேரன் தேர்ந்தெடுக்கப்பட்டார். தாத்தா ஜனநாயகக் கட்சி, பேரன் குடியரசுக் கட்சி. இவ்வளவுக்குப் பிறகும் அலாஸ்கா அவரை மறந்தது என்று சொல்வது நியாயமில்லை.

கல்வரிசை எழுதியது:

என் அனுபவம் சிறியது. வாஷிங்டனில் அனகோஸ்டியா ஆற்றை ஒட்டிய காங்கிரஸ் கல்லறைத் தோட்டத்தில் 150-க்கும் மேற்பட்ட வெற்று நினைவுக்கற்கள், சதுர உடலும் கூம்புத் தலையுமாக, ஒன்றுபோல வரிசையில் நிற்கும். கட்டடக் கலைஞர் பெஞ்சமின் லட்ரோப் வடிவமைத்த கற்கள் அவை. பதவியில் இருந்தபோது இறந்த காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) உறுப்பினர்களுக்காக வைத்தார்கள். பெரும்பாலானவற்றின் அடியில் யாரும் இல்லை. இவற்றின் அடியில் கிடப்போம் என்ற எண்ணமே சாவை மேலும் அஞ்சத்தக்கதாக்குகிறது என்ற பொருளில் ஜார்ஜ் ஃபிரிஸ்பி ஹோர் என்ற காங்கிரஸ் உறுப்பினர் 1876-இல் பேசிய பிறகு அந்த வழக்கம் நின்றுபோனது. ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்துப் பாக்ஸ், பெகிச் இருவருக்காகத்தான் அதை மீண்டும் எடுத்தார்கள்.

அந்தத் தோட்டத்தின் நாய் உலாத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் தங்கள் நாய்களை அங்கே அவிழ்த்துவிட்டு உலாவலாம். பாக்ஸ் பெயரைத் தேடிப் படித்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் ஒரு கறுப்பு நாய் வந்து, கல்லின் அடியை வெகுநேரம் முகர்ந்துவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் அடுத்த கல்லுக்குப் போனது. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

டெல்டா எழுதியது:

நியூ ஆர்லியன்ஸுக்கு அருகே மிசிசிப்பியின் மேல் ஹேல் பாக்ஸ் நினைவுப் பாலம் இருக்கிறது. அதன்மேல் போகும்போது வாடகைக் கார் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, "இவரைக் கொன்றுவிட்டார்கள், தெரியுமா?" என்று கேட்டார். அவர் குரலில் ஐயமே இல்லை. கென்னடி கொலையை விசாரித்த வாரன் ஆணையத்தில் பாக்ஸ் உறுப்பினர். 1971-இல் எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவரை அவையிலேயே வெளிப்படையாகக் கண்டித்தவர். இப்படிப்பட்ட ஒருவர் தடயமே இல்லாமல் மறைந்தால் மக்கள் ஐயப்படத்தானே செய்வார்கள்? மேலே எழுதியவர்கள் யாரும் இதைத் தொடவே இல்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. அவருடைய மனைவி லிண்டி பாக்ஸ் அதே தொகுதியில் நின்று வென்று 1991 ஜனவரி வரை உறுப்பினராக இருந்தார். 2019-இல் இறந்த மகள் கோக்கி ராபர்ட்ஸ் நாடறிந்த பத்திரிகையாளராக இருந்தார். அந்தக் குடும்பத்துக்கே விடை கிடைக்கவில்லை என்றால் யாருக்குக் கிடைக்கும்?

சிறகு எழுதியது:

டெல்டா ஐயா, ஐயப்படுவது வேறு, சொல்லிப் பரப்புவது வேறு. நான் சிறிய விமானம் ஓட்டப் பயின்றவன். பயிற்சியின்போது மேகத்துக்குள் நுழைந்த சில நொடிகளில் இறக்கையின் முன்விளிம்பில் வெள்ளைப் படிவு ஒன்று பிடித்துக்கொண்டதையும், பக்கத்தில் இருந்த ஆசிரியர் ஒரு சொல்லும் பேசாமல் கட்டுப்பாட்டைத் தம் கைக்கு எடுத்துக்கொண்டு கீழே இறக்கியதையும் நான் மறக்கவில்லை. இரட்டை எஞ்சின் விமானமானாலும் பனி ஏறினால் இறக்கை தூக்குவதை நிறுத்திவிடும். அன்று பாக்ஸும் பெகிச்சும் போன வழியில் இருந்த மலைக்கணவாய்ப் பகுதியில் வானிலை மோசமாக இருந்தது. அதுவே போதுமான காரணம். கொலையாளி யாரும் தேவையில்லை.

கிடைக்காமல் போனதற்கும் காரணம் உண்டு. அவசரச் சமிக்ஞைக் கருவியை அலாஸ்கா மாநிலச் சட்டம் அப்போதே கட்டாயமாக்கியிருந்தது. விமானியிடம் கையில் எடுத்துச் செல்லும் கருவி ஒன்று இருந்தது; ஆனால் அது ஃபேர்பேங்க்ஸில் நின்றிருந்த வேறொரு விமானத்தில் கிடந்தது. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், விமானத்திலும் கருவி இல்லை, விமானியிடமும் இல்லை என்றே முடிவுக்கு வந்தது.

ஆகவே அலாஸ்காவுக்குப் போகிற எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். மலையேறப் போனாலும், படகில் போனாலும், வாடகை விமானத்தில் ஏறினாலும் தனிநபர் சமிக்ஞைக் கருவி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். 406 மெகாஹெர்ட்ஸ் கருவியா என்று பார்த்து வாங்குங்கள், பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் சமிக்ஞையைச் செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரி 1 முதல் கவனிப்பதில்லை. வாங்கியதும் தேசியப் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகத்திடம் பதிவு செய்யுங்கள். கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதிவு இருந்தால்தான் சமிக்ஞை வந்தவுடன் அது யாருடையது, யாரை அழைத்துக் கேட்பது என்பது மீட்புப் படைக்குத் தெரியும். மின்கலத்தின் காலாவதித் தேதியைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அதைப் பையில் போடாதீர்கள், உடம்போடு மாட்டிக்கொள்ளுங்கள். விபத்துக்குப் பிறகு பை எங்கே கிடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. புறப்படுமுன் எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் தேட வேண்டும் என்பதை எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கார்ட்லண்ட் எழுதியது:

எல்லோரும் அலாஸ்காவிலேயே நிற்கிறீர்கள். மலையும் பனியும் இல்லாமல், நியூயார்க் நகரத் தெருவிலேயே ஒருவர் மறைந்திருக்கிறார். 1787 அரசியல் சாசன மாநாட்டிலிருந்து, அதன் போக்குப் பிடிக்காமல், சக நியூயார்க் பிரதிநிதி ராபர்ட் யேட்ஸோடு ஜூலை 10 அன்று வெளியேறியவர் ஜான் லான்சிங். மூன்றாவது பிரதிநிதி ஹாமில்டன் தனியாக நின்றதால் நியூயார்க் மாநிலத்துக்கு அதன் பிறகு அங்கே வாக்கே இல்லாமல் போனது. பின்னாளில் மாநிலத்தின் சான்சலராக, மிக உயர்ந்த நீதிபதிகளில் ஒருவராக இருந்தார். 1829 டிசம்பர் 12 மாலை, 75 வயதில், ஆல்பனி போகும் படகில் கடிதம் சேர்ப்பதற்காக விடுதியை விட்டு வெளியே போனார். அவ்வளவுதான்.

அந்தப் படகுத்துறை கார்ட்லண்ட் தெருவின் கோடியில் இருந்தது. அவர் நடந்த வழியில் நானும் நடக்க வேண்டும் என்று பிராட்வேயிலிருந்து மேற்கே போனேன். தெரு பாதியிலேயே முடிந்துவிட்டது. அன்றைய கரையைத் தாண்டி ஆற்றை மண்ணிட்டு நிரப்பி வெகுதூரம் நிலமாக்கியிருக்கிறார்கள். தெரு முடிகிற இடத்தில் உலக வர்த்தக மைய வளாகம். அங்கே 2001-இல் இறந்த 2,753 பேரில் ஏறக்குறைய 1,100 பேருடைய எச்சம் எதுவும் இதுவரை அடையாளம் காணப்படவில்லை. ஒருவரைத் தேடிப் போன எனக்கு அங்குள்ள நினைவுக் குளத்தின் விளிம்பில் வெட்டியிருந்த பெயர்களைத் தொட்டபோது கை நடுங்கியது. லான்சிங்குக்கு ஆல்பனி ஊரகக் கல்லறையில் வெற்று நினைவுச்சின்னம் இருக்கிறது.

ஒன்றை டெல்டாவுக்கும் சொல்ல வேண்டும். லான்சிங் கொலை செய்யப்பட்டார் என்றும், செய்தவர்களைத் தெரியும் என்றும் தமக்குச் சொல்லப்பட்டதாகத் தர்லோ வீட் என்ற அரசியல்வாதி பிற்காலத்தில் கூறினார். பெயரை மட்டும் வெளியிடவில்லை. பெயர் சொல்லாத குற்றச்சாட்டு காணாமல் போனவருக்கும் உதவாது, அவர் வீட்டாருக்கும் உதவாது.

சாண்டீக்கரை எழுதியது:

தென் கரோலினாவில் சாண்டீ ஆற்றங்கரையில் ஹாப்ஸ்வீ என்ற பண்ணைவீடு இருக்கிறது. விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் எட்வர்ட் ரட்லெட்ஜுக்கு அடுத்து வயதில் இளையவரான தாமஸ் லிஞ்ச் அங்கே பிறந்தவர். உடல்நலம் கெட்டு, தேறுவதற்காக 1779-இல் மனைவியோடு மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேறினார். கப்பல் போய்ச் சேரவில்லை. அவருக்கு 30 வயது.

முற்றத்தில் நின்று ஆற்றைப் பார்த்தபோது அந்த இளம் தம்பதியருக்காக வருந்தினேன். பிறகு அடிமைகளின் குடில்களுக்குள் கூட்டிப்போனார்கள். உடன் வந்த கறுப்பினப் பெண்மணி அடுப்புக்கல்லில் கைவைத்தபடி, "என் முன்னோர்களையும் யாரும் தேடவில்லை" என்றார். அந்தச் சேற்று வயல்களில் நெல் விளைத்தவர்கள் அவர்கள். லிஞ்சுக்குக் கல்லறை இல்லை என்று நாம் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகப் பேசுகிறோம். இவர்களுக்கு இல்லாததைப் பற்றி யார் பேசினோம்? நான் அந்த அம்மாவுக்குப் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

டைட்டானிக்கில் இறந்த முன்னாள் பிரதிநிதி இசிடோர் ஸ்ட்ராஸையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

கல்வரிசை எழுதியது:

சாண்டீக்கரைக்கு: ஸ்ட்ராஸைச் சேர்க்க முடியாது. மக்கே-பென்னட் கப்பல் அவர் உடலை மீட்டது. பிராங்க்ஸில் உள்ள உட்லான் கல்லறையில் இருக்கிறார். கிடைக்காதவர், அவரை விட்டு உயிர்காப்புப் படகில் ஏற மறுத்த மனைவி ஐடா. எகிப்தியப் படகு வடிவில் அமைந்த அந்தக் கல்லறையில், "திரளான தண்ணீர்கள் நேசத்தை அவிக்கமாட்டாது" என்ற உன்னதப்பாட்டு வரி இருக்கிறது. உங்களுக்கு வேண்டியவர் பட்டன் குவின்னெட்டாக இருக்கலாம். ஜார்ஜியா சார்பில் பிரகடனத்தில் கையெழுத்திட்ட மூவருக்கும் அகஸ்டாவில் 1848-இல் ஒரே தூண் எழுப்பினார்கள். இருவரின் எச்சங்களை அதனடியில் வைத்தார்கள், 1777-இல் துப்பாக்கிச் சண்டையில் இறந்த குவின்னெட்டின் கல்லறையை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை.

பனியாறு எழுதியது:

சுரங்கவழி சொன்ன மூதாட்டிக்காகவே இதை எழுதுகிறேன். 1952 நவம்பரில் 52 பேரோடு மலையில் மோதிய சி-124 ராணுவ விமானத்தின் சிதைவுகள் 2012 ஜூனில் ஆங்கரேஜுக்குக் கிழக்கே காலனி பனியாற்றின் மேல் தெரிந்தன. அறுபது ஆண்டுக் காலம் பனி அவற்றைச் சுமந்து இறக்கிக்கொண்டு வந்திருக்கிறது. அதன் பிறகு கோடைதோறும் மீட்புக் குழு போய், பலருடைய எச்சங்களை அடையாளம் கண்டு குடும்பங்களிடம் கொடுத்திருக்கிறது. செஸ்னா கணவாயில் விழுந்ததா, கடலில் விழுந்ததா என்பதே தெரியாததால் உறுதியாக எதையும் எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் அலாஸ்காவில் பனியாற்றின் மேல் நடக்கப் போகிறவர்கள், வண்ணம் பூசிய தகரமோ கம்பியோ கண்ணில் பட்டால் நினைவுப்பொருளாக எடுத்துவராமல், இருந்த இடத்திலேயே படம் எடுத்து, இருப்பிடக் குறிப்போடு மாநிலக் காவல்துறைக்குத் தெரிவியுங்கள்.