நம் தீவின் நத்தைகள்: பார்த்தவர்கள் எழுதுங்கள்

உடுகமவிலிருந்து:

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஓடைக்கரையில் பழைய பலா மரங்கள் நாலைந்து நிற்கின்றன. இரவு மழை விட்டதும் டோர்ச் அடித்தால் தண்டில் அக்காவஸ் என்ற மரநத்தை ஏறிக்கொண்டிருக்கும். காலி மாவட்டப் பக்கம் இருப்பது அக்காவஸ் ஹீமஸ்டோமா என்ற இனம். அகன்ற ஓடு, வாயின் விளிம்பு வெளிப்பக்கமாக மடிந்து தடித்து, வெற்றிலை போட்ட உதடு மாதிரிச் சிவந்திருக்கும். வெளிச்சம் பட்டதும் மேல் கொம்பு இரண்டும் உள்ளே சுருளும். கீழ்க் கொம்புகள் மட்டும் மரப்பட்டையைத் தடவிக்கொண்டே இருக்கும். பட்டையில் படர்ந்த பாசியும் காளானும்தான் சாப்பாடு. வெயில் காலத்தில் தண்டோடு ஒட்டிக் கிடக்கும், அசையாது.

இந்த அக்காவஸ் பேரினம் இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. நெருங்கிய சொந்தங்கள் மடகாஸ்கரிலும் சீஷெல்சிலும் இருக்கின்றன. கடலை நீந்திக் கடக்கிற பிராணியா இது? நிலங்கள் ஒன்றாகக் கிடந்த கோண்டுவானா காலத்து உறவு அது. தீவில் உள்ள சுமார் 250 தரை நத்தை இனங்களில் பத்துக்கு எட்டு நமக்கு மட்டுமே உரியவை. ராவணா என்றே ஒரு பேரினத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்!

எனக்கு உள்ள கவலை வேறு. தோட்டத் தொழிலாளர் லயத்தில் நத்தையைக் கண்டால் உப்புப் போத்தலை எடுக்கிறார்கள். கீரையையும் பப்பாசிக் கன்றையும் மொட்டையடிக்கும் ஆபிரிக்க நத்தை என்று நினைத்து அக்காவஸையும் சேர்த்துக் கொல்கிறார்கள். ஆபிரிக்க நத்தை 1900ஆம் ஆண்டை ஒட்டி இங்கே கொண்டுவரப்பட்டது. அதன் ஓடு கூம்பாக நீண்டு நுனியில் கூராகும். வாய் விளிம்பு மெல்லியது, மடியாது. தடித்து மடிந்த உதட்டைக் கண்டால் விட்டுவிடுங்கள். அக்காவஸ் இடுவது பெரிய முட்டை, அதுவும் கொஞ்சம்தான். ஆபிரிக்க நத்தை ஒரே தடவையில் நூற்றுக்கு மேல் இட்டுவிடும். அது பெருகுகிற வேகத்தில் இது பெருகாது.

மாங்குளத்திலிருந்து:

அண்ணை எழுதினது சரி. ஆனால் எங்கட பக்கம் மரநத்தை இல்லை, குளத்து நத்தைதான். ஆவணி, புரட்டாசியில் குளம் வற்றி வெடிக்கும்போது சேற்றைக் கிளறினால் உருண்டையாய் வரும். வாயை ஒரு கெட்டியான மூடி அடைத்திருக்கும், நகத்தால் நெம்பினாலும் அசையாது. மழை வரும்வரை சாப்பாடு தண்ணீர் எதுவும் இல்லாமல் அப்படியே கிடக்கும். செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. அதனால் தண்ணீரில் இருக்கும்போதே ஒரு குழாயை மேலே நீட்டிக் காற்றை இழுக்கும். முட்டையை மட்டும் கரைக்கு வந்து ஈர மண்ணில் வெள்ளையாக இடும்.

நத்தை குத்தி நாரை என்ற பறவை இந்த நத்தையைச் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அலகுக்கு நடுவில் இடைவெளி இருப்பதால் பாக்குவெட்டி போல ஓட்டை உடைக்கும் என்று இங்கே பலர் சொல்வார்கள். உடைப்பதில்லை. ஓட்டைத் தரையோடு அழுத்திப் பிடித்து, கீழ் அலகின் நுனியை மூடிக்குப் பக்கத்தில் செருகித் தசையை அறுத்து, சதையை முழுசாக உருவி எடுக்கும். வயல் வரம்பில் முழு ஓடுகள் குவிந்து கிடந்தால் நாரை வந்து போயிருக்கிறது என்று அர்த்தம்.

மூல நோய்க்கு நல்லதென்று குளத்து நத்தையைச் சமைத்துத் தின்பவர்களும் உண்டு. நான் தின்றதில்லை. சரி, அந்த மரநத்தை ஓடு ஒன்று அனுப்புவீங்களோ?

உடுகமவிலிருந்து:

செத்த ஓடு தோட்டத்தில் கிடைத்தால் படம் போடுகிறேன் தம்பி. சிங்கராஜ காட்டுக்குள் போனால் ஓடு, இலை எதையும் எடுத்து வரக்கூடாது, சட்டம் அப்படி. அப்புறம், ஆபிரிக்க நத்தையை வெறுங்கையால் தொடாதீர்கள். மூளைக்காய்ச்சல் தரும் எலிப்புழு அதில் இருக்கலாம். நான் ரப்பர் கையுறை போட்டுத்தான் பொறுக்குகிறேன்.