மூங்கில் மரமா, புல்லா?

சிறுவர் தாவரப் படநூல் ஒன்றுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். மூன்று நாளாக மூங்கில் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. ஆசிரியர் 'மூங்கில் மரம்' என்கிறார். படமோ புல் வகைகளுக்கு நடுவே நிற்கிறது.

தாவரவியலில் மூங்கில் புல் குடும்பம்தான். தொல்காப்பியத்தின் மரபியல் என்ற பகுதியும் புறத்தே வயிரம் (கெட்டியான பாகம்) உடையது புல், அகத்தே உடையது மரம் என்கிறது. அந்தக் கணக்கில் தென்னையும் பனையும்கூடப் புல்லாகிவிடும்!

'மூங்கில் புல்' என்று மாற்றி ஒரு பத்து வயதுப் பையனிடம் காட்டினேன். "ஆடு மேயுமா?" என்றான். வெறும் 'மூங்கில்' என்றால், பக்கத்தில் 'வேப்பமரம்', 'துளசிச்செடி' என்றிருக்க இது மட்டும் மொட்டையாகத் தெரிகிறது. விளக்கக் குறிப்புக்கு இடமில்லை, ஒரே வரிதான்.

வழக்கில் உள்ள பொதுச்சொல் என்று 'மரம்' என்பதை விட்டுவிடலாமா, 'புல்' என்றே திருத்த வேண்டுமா?